அடியில் தங்கிய மருந்து

பொடுகுக்கு நல்ல மருந்து செலினியம் சல்ஃபைடுதான். தலைத்தோல் அவசரப்பட்டு உதிர்வதை நிதானப்படுத்தும், பூஞ்சையை அடக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் கறுத்துவிடும். ஆரஞ்சு நிறத் தூள் புட்டியின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊற்றுமுன் நன்றாகக் குலுக்க வேண்டும். நாற்பது வருஷமாக முடிதிருத்துகிறவனுக்கு இது தெரியாதா என்று நம் முடிதிருத்துவோர் சங்க விசாரணையில் கேட்டீர்கள். தெரியும்.

எங்கள் ஊர்த் தபால்காரர் ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். வாரம் இரண்டு தடவை என் கடைக்கு வருவார். தோளெல்லாம் மாவு சலித்த மாதிரி இருக்கும். அவரைப் போலச் சிரிக்கச் சிரிக்கப் பேச ஆள் கிடையாது. அவர் வந்துபோன நாளில் எனக்குப் பிரார்த்தனைகூட நன்றாக வரும்.

ஒருநாள், "அண்ணே, டீச்சரம்மா சரின்னுட்டாங்க. இந்தத் தலை மட்டும் சரியாகட்டும், கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டுப் போய்க் கல்யாணத்தப் பதிவு பண்ணிடுவேன். அப்புறம் அவங்க ஊர்லதான் ஜாகை" என்றார்.

"அவசரப்படாம வைத்தியம் பண்ணுவோம் தம்பி" என்றேன்.

அன்று முதல் அவருக்கு மட்டும் புட்டியைக் குலுக்கவில்லை. மேலே நின்ற தெளிவைத்தான் ஊற்றினேன். வெந்நீர், இதமான விரல், கழுத்துக்குச் சூடான துண்டு என்று வேறு எதிலும் குறை வைக்கவில்லை. இப்படி மூன்று வருஷம்.

அடியில் சேர்ந்த கெட்டியை வீணாக்கவும் மனம் வரவில்லை. டீச்சரின் அண்ணன், எங்கள் ஊரில் குடியிருப்பவர், அவருக்கும் பொடுகுதான், "என்னய்யா, எங்க மாப்பிள்ளை இன்னும் உதிர்ந்துகிட்டே இருக்காரா?" என்று நக்கலாக வந்து உட்கார்ந்தார். அவர் தலையில் அப்பினேன். நரையெல்லாம் செம்பூனை நிறத்துக்கு வந்தது. என் போதாத காலம், பொடுகும் இரண்டே வாரத்தில் போயிற்று.

ஒரே கடை, ஒரே புட்டி என்று அண்ணனும் தபால்காரரும் பேசிக் கண்டுபிடிப்பதற்குள், டீச்சர் காத்திருந்தது போதும் என்று வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தபால்காரர் கத்தவில்லை. "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

செய்தது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சின்னச் சின்ன உபகாரங்களில்தான் கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறவன் நான். அவரிடம் ஒரு நாளாவது முகம் சுளித்திருப்பேனா? இனி என் கடைப் படி ஏறமாட்டேன் என்கிறாராம். ஏறுவார். தனியாக இருக்கிற மனிதர், வேறு எங்கே போவார்?