உள்ளே மடிச்ச துணி

கிட்ட வந்து உக்காரு தம்பி. இந்த நாற்காலி வேணாம், இதோட காலு ஆடுது. அந்தப் பக்கம் உக்காரு.

கையில என்ன, ரத்த ரிப்போர்ட்டா? உன் வீட்டுக்காரிக்கா? மூணாவது மாசமா? பின்னாடி பிரஷர் ஏறலாம்னு சொல்லிட்டாங்களா? அட, அதுக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது! என் மருமகளுக்கும் இதேதான் சொன்னாங்க. நச்சுக்கொடியிலிருந்து ரத்தத்துக்கு ஏதோ ஒண்ணு வந்து சேரணுமாம், இவளுக்கு அது கம்மியாம், இப்பவே தினம் ஒரு மாத்திரை போடணுமாம்.

நான் சும்மா இருப்பேனா? தையக்காரி பாரு, வாயும் கத்திரிக்கோல்தான். ரத்தம் என்ன ஜோசியம் சொல்லுதா, ஆளு குத்துக்கல்லாட்டம் நிக்கிறா, வராத நோய்க்கு மாத்திரையான்னு குதிச்சேன். அவ, தனக்காக நான் தைச்சிட்டிருந்த சட்டையைத் திருப்பிப் பாத்துட்டு, அத்தை, எதுக்கு ஓரத்துல இவ்வளவு துணியை உள்ள மடிச்சு விட்டிருக்கீங்கன்னா. பின்னாடி உடம்பு போட்டா பிரிச்சு விடத்தான்னேன். உடம்பு போட்டப்புறம் விட்டுக்கலாமேன்னா. அப்போ துணிக்கு எங்கடி போறதுன்னு நானே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். இதுவும் அதுதான் அத்தைன்னு மாத்திரையை முழுங்கிட்டுப் படுக்கப் போயிட்டா. நான் குண்டூசியை வாயில கவ்விக்கிட்டு மறுபடி ஓரத்தை மடிக்க உக்காந்தேன்.

அவளா? இப்ப எப்படி இருக்கான்னா... அவசரப்படாதே, சொல்றேன்.

தினமும் கையில பட்டையைச் சுத்தி பிரஷர் பாப்பா. மாசம் ஏற ஏற எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. அப்புறம் ஒருநாள் சட்டைக் கை இறுக்குதுன்னா. எனக்கு வாயெல்லாம் பல்லு. தையலைப் பிரிச்சு விட்டுட்டு, பாத்தியா, என் சமையல் உடம்புல ஒட்டுதுன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னேன். என் சமையலை எங்க வீட்டுப் பூனையே மோந்து பாத்துட்டுப் போயிடும், அது வேற விஷயம். அவ பட்டையைச் சுத்தினா, நம்பர் ஏறியிருக்கிறதைப் பாத்தா, மூலையிலிருந்து ஒரு பையை எடுத்தா. எல்லாத்தையும் எப்பவோ மடிச்சுத் தயாரா வச்சிருக்கா! கிளம்புங்க அத்தைன்னா. பிரஷர் வீக்கத்துக்குப் போய் அளவெடுத்துத் தைச்சுக் குடுத்தவ உலகத்துலேயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

முதல்லயே ரத்தம் பாத்துட்டதால உஷாரா இருந்தோம், இனிமே தாமதிக்க வேணாம், ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க.

எப்பவா? இப்பத்தான்பா. சிவப்பு விளக்கு எரியுதே, அந்தக் கதவுக்குள்ளதான். என் மகன் வெளியூர்லேருந்து ரயில்ல வந்துட்டிருக்கான்.

எங்க, நாற்காலியை ஆட்டிப் பாத்தியா? ஆடலையா? எப்படி ஆடும்? என் காலு ஆடுறதுக்கு அது என்ன பண்ணும், பாவம். மெஷின் மிதிச்ச பழக்கம்னு வச்சுக்கோயேன்.

உள்ள தள்ளிட்டுப் போறப்போ அவ என்ன செஞ்சா தெரியுமா? வண்டியை நிறுத்தச் சொல்லி என்னைக் கிட்ட கூப்பிட்டா. சாமி பேரைத்தான் சொல்லச் சொல்லப்போறான்னு காதைக் குடுத்தேன். அத்தை, அந்த மூலையில நீலச் சட்டைக்காரர் ஒருத்தர் ரிப்போர்ட்டைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுத் தனியா முழிச்சிட்டிருக்கார், நான் வர்ற வரைக்கும் அவருக்குக் கொஞ்சம் துணையா இருங்கன்னு சொல்லிட்டுப் போனா.