எதிரணிக்குக் கொடுத்த பந்து

— அந்தப் பை மேல உக்காராதடி. ஷூ எல்லாம் அதுலதான் இருக்கு.

— எதுக்குக்கா ஷூவெல்லாம் மூட்டை கட்டி வச்சிருக்க?

— கீழ் வீட்டுப் பொண்ணு பாஸ்கெட்பால் பழகுறா. அவ காலுக்குச் சரியா இருக்கும்.

— அப்போ உன் காலுக்கு?

— எனக்கு நேத்தோட போதும். காலைல பால் வாங்கப் போறேன், கடைக்காரர் கேக்குறார், உங்க வீட்டுல சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் பந்து குடுப்பீங்களான்னு.

— சரியாத்தானே கேட்டிருக்கார்.

— சிரிக்காத. ஜெயிச்சவளுக்கு எல்லாம் சிரிப்பாத்தான் இருக்கும்.

— கேளேன், நான் உன்னைக் கூப்பிடவே இல்ல. அந்த மூலைக்கு ஓடி வந்தேன், பந்து நேரா நெஞ்சுக்கு வந்துது. பிடிக்காம என்ன பண்றது?

— பிடிச்சதோட விட்டியா? அந்தக் கோடி வரைக்கும் ஓடிப் போய்க் கூடையிலயும் போட்டுட்ட. சீசனோட கடைசி ஆட்டம். ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தோம்.

— அம்மாவுக்கு யாருக்குக் கை தட்டுறதுன்னே தெரியலையாம். அப்பா முதுகுல நாலு தட்டு தட்டிச்சாம். அவர் இன்னும் தைலம் தடவிக்கிட்டு இருக்கார்.

— அந்த ஐஸ் பையை எடு. ஃப்ரிட்ஜ்ல, மேல் தட்டுல.

— முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார்?

— இன்னும் ரெண்டு சீசன் தாங்கும்னார்.

— அப்புறம் என்ன?

— முட்டி தாங்கும்டி. நான் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டு வந்து சரியான ஆளுக்குக் குடுக்குறதுதான் என் வேலை. நேத்து ரெண்டு பேரு என்னை மறிச்சுட்டாங்க. கண்ணுக்கு எதுவும் தெரியல. முதுகுக்குப் பின்னாடி உன் ஷூ சத்தம் கேட்டுது, கை தானா போட்டுடுச்சு. நீ வேற சட்டை போட்டிருக்கன்னு கைக்குத் தெரியல. எதிரணிக்குப் பந்து குடுக்குறவளை எந்த டீம் வச்சுக்கும்?

— கை மட்டுமா மறந்துது? நான் அந்த மூலையில நிக்கவே கூடாதுக்கா. நடுவுல ஒருத்தியைக் காக்கச் சொல்லியிருந்தாங்க. நீ பந்தோட இடது பக்கம் திரும்பினதும் அவளை விட்டுட்டு என் கால் அங்க ஓடிடுச்சு. ஆட்டம் முடிஞ்சதும் எங்க கோச் கைகுலுக்கிட்டே திட்டினார்.

— நிஜமாவா?

— நீ ஏழு வருஷமா அப்படித் திரும்பினா நான் அங்கதானே போவேன்.

— உன் இடத்துல இப்போ ஒரு பொண்ணை வச்சிருக்காங்க. நல்ல பொண்ணு, நல்லா குதிப்பா. ஆனா நான் அவ முகத்தைப் பாத்தாத்தான் ஓடுவா. நான் பாத்தா எதிர்ல நிக்கிறவளும் பாக்குறாளே. வருஷம் பூரா வெறும் இடத்துக்குப் பந்து போட்டுட்டு இருக்கேன்.

— அங்க எனக்கு நேர் எதிர். நான் ஓடிப் போய் நின்னு, மூச்சு வாங்கி, ஊர்க்கதை பேசி முடிச்சதும்தான் பந்து வருது. அந்த டீமோட எனக்கு ஒரு வருஷத்துக்குத்தான் ஒப்பந்தம். அதுவும் நேத்தோட முடிஞ்சுது.

— போறேன்னு நீதானே போன.

— பேப்பர்ல எழுதினானே, அக்கா ஊட்டினாத்தான் தங்கச்சி சாப்பிடுவான்னு. ரோஷம் வராதா? சரி, நான் போறேன்னு சொன்னப்ப இருன்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ? வாசல்ல நின்னு குடை எடுத்துக்கிட்டியான்னு கேட்ட.

— சொல்லியிருந்தா இருந்திருப்ப.

— ஆமா.

— அதான் சொல்லல. நான் ஊட்டாம சாப்பிட முடியும்னு உனக்குத் தெரியணும்ல.

— தெரிஞ்சுது. சாப்பிட்டேன். ருசியில்லாம சாப்பிட்டேன்.

— விடு. மத்தியானம் எங்க டீம் மேனேஜர் வரச் சொல்லியிருக்கார். எதுக்குன்னு சொல்லல. சொல்லணுமா என்ன? அவர் போன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே போறேன்னு சொல்லிட்டு வந்துடுறேன். மரியாதையாவது மிஞ்சும்.

— கேளேன். அந்த வேலை, மரியாதை எல்லாம் ஓரமா வை. விளையாடணும்னு ஆசை இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு.

— ஆசைக்கு என்ன குறைச்சல்? நேத்து ராத்திரி அவமானத்துல அழுதேனா? அழுதேன். ஆனா அந்தப் பந்து கையை விட்டுப் போன நிமிஷம் இருக்கே, இந்த வருஷத்துல அது ஒண்ணுதான் நான் சரியா போட்ட பந்துன்னு தோணுச்சு. போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு. பைத்தியம்னு நினைச்சுக்கோ.

— இந்த வார்த்தையைக் கேக்கத்தான் லிஃப்ட் வேலை செய்யாத இந்த வீட்டுக்கு அஞ்சு மாடி ஏறி வந்தேன். எழுந்திரு. முகம் கழுவு. மத்தியானம் நானும் வர்றேன்.

— நீ எதுக்கு? துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போக நான் என்ன சின்னப் பிள்ளையா?

— துணைக்கு இல்ல குள்ளக்கா. உங்க மேனேஜர் காலைல எனக்குத்தான் முதல்ல போன் பண்ணார், திரும்பி வர்றியான்னு. அக்கா பந்து போட்டா வர்றேன், இல்லேன்னா வரலைன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் அவர் உன்னைக் கூப்பிட்டார்.