ஸ்டாஃப் எல்லாம் இறங்கிவிட்டார்கள்

பெயர் அம்மாசி, வயது 36, தந்தை பெயர் வீரமுத்து, ஊர் வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி மாவட்டம். தொழில் சரக்கு ஏற்றும் ஒப்பந்தக் கூலி. கள்ளக்குறிச்சி காவல் நிலையத்துக்கு என்னை வரவழைத்து விசாரித்ததில் நான் சொல்வது:

இறந்துபோன சின்னதுரை என் அக்காள் கொளஞ்சியம்மாளின் கணவர், எனக்கு மாமா முறை. முன்பு நாங்கள் இருவரும் கல்வராயன் மலையில் லாரிகளுக்கு மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் ஏற்றிவந்தோம். அதன் பிறகு தியாகதுருகம் சுப்புராயன் எங்களைச் சென்னைக்கு அழைத்துப்போய், விமானத்தில் சரக்கு ஏற்றும் ஒரு கம்பெனியில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்த்துவிட்டார். அவர் அங்கே சூப்பர்வைசர். அதே சுமைதான், கழுத்தில் ஒரு அட்டை தொங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த அட்டையைப் பார்த்ததிலிருந்து என் அக்காள் ஊரெல்லாம் "எங்க வூட்டுக்காரரு ஏர்போர்ட்டுல ஸ்டாஃபு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாமாவும் மறுக்கவில்லை. கேட்டுக் கேட்டு நானும் நம்பிவிட்டேன்.

சம்பவத்தன்று மதியம், நிறுத்தி வைத்திருந்த சரக்கு விமானத்தின் அடி அறையில் முருங்கைக்காய், கறிவேப்பிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தோம். பெட்டிகள் நனைந்திருந்தன. மழை வலுத்ததால் சுப்புராயன் கதவைச் சாத்தச் சொன்னார். அப்போது மாமா உள்ளே பெட்டிகளின் மேல் வலை கட்டிக்கொண்டிருந்தார். "சாத்திக்குங்க சார், நான் கட்டிக்கினு இருக்கேன், மழ வுட்டதும் தொறங்க" என்று மாமாவே சொன்னார். மழைக்காலத்தில் அப்படிச் செய்வது அங்கே வழக்கம். அதன் பிறகு மீதிப் பெட்டிகளைத் தள்ளிவர என்னைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள்.

நான் திரும்பி வரும்போது எல்லாரும் விமானத்தை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தார்கள். சரக்கு அறையில் தீ என்று விமானி அறையில் எச்சரிக்கை மணி அடிப்பதாகச் சொன்னார்கள். மேலே விமானி அறையிலிருந்து வாக்கிடாக்கியில் ஸ்டாஃப் எல்லாரும் விலகியாயிற்றா என்று கேட்டார்கள். சுப்புராயன் "ஸ்டாஃப் எல்லாம் எறங்கிட்டாங்க சார்" என்று பதில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்படியென்றால் மாமாவும் இறங்கிவிட்டார் என்று நினைத்து, ஒதுங்கி நின்ற கூட்டத்தில் அவரைத் தேடினேன். அவர் இல்லை.

அதன் பிறகு ஓடிவந்து "மாமா எங்க சார்?" என்று கேட்டதற்கு சுப்புராயன், "அவங்க ஸ்டாஃபத்தாண்டா கேட்டாங்க" என்றார். அதற்குள் விமானி அடி அறைக்குள் தீயணைக்கும் வாயுவைத் திறந்துவிட்டிருந்தார். அது நிரம்பினால் உள்ளே இருப்பவர் மூச்சுவிட முடியாது. நான் கதவுக்கு ஓடியபோது தீயணைப்பு வீரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, உள்ளே ஆள் இருப்பதாக அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் கத்திச் சொன்ன பிறகும் சுப்புராயனைக் கேட்டுத்தான் திறந்தார்கள்.

மாமா கதவை ஒட்டிக் கிடந்தார். இரண்டு கை முட்டிகளும் தோலுரிந்திருந்தன. உள்ளே தீ எதுவும் இல்லை. ஈரப் பெட்டிகளின் ஆவியைக் கருவி புகை என்று எடுத்துக்கொண்டதாம். ஒரு கறிவேப்பிலைகூடக் கருகவில்லை.

அதன் பிறகு உடலை ஊருக்குக் கொண்டுவந்தோம். பஸ் நிறுத்தத்தில் பையன்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில், மாமாவின் படத்துக்குக் கீழே 'ஏர்போர்ட் ஸ்டாஃப்' என்று போட்டிருந்தது. மாலையோடு வந்த கம்பெனி ஆள் மாலையைப் போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஸ்டாஃபுங்கற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க, பின்னால சிக்கலாயிடும்" என்றார். அது என் அக்காள் காதில் விழுந்துவிட்டது. "அன்னிக்கு அவருகிட்டேருந்து எடுத்தீங்களே, அது பத்தலியா?" என்று கேட்டாள். பேனர் இன்றுவரை அங்கேயே இருக்கிறது.

மாமா யாருக்கும் தெரியாமல் உள்ளே போய்ப் படுத்துத் தூங்கியதாகக் கம்பெனியார் இப்போது எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அது பச்சைப் பொய். அவரை உள்ளே வைத்துத்தான் கதவைச் சாத்தினார்கள். வாக்கிடாக்கியில் சுப்புராயன் சொன்னதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னார்.

இதை எனக்குப் படித்துக் காட்டியபோது, படிவத்தின் முகப்பில் மாமாவின் பெயருக்கு எதிரே 'கம்பெனி ஊழியர்' என்று எழுதியிருந்தது. ஒப்பந்தக் கூலி என்று திருத்தட்டுமா என்று எழுதிய காவலர் கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த ஒரு வார்த்தை தவிர மற்ற அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வீ. அம்மாசி