உங்க குப்பை, உங்க வாசல்

ஹலோ… ஹலோ, யாரு?… அடடே, குடியிருப்புச் செயலாளர் சாரா! சொல்லுங்க சார், சொல்லுங்க… ஆமா… ஆமா… கத்தாதீங்க. இங்க குப்பை பிரிக்கிற ஷெட்ல மிஷின் ஓடுது, அதையும் தாண்டி உங்க குரல் கேக்குது…

ம்… ம்… நாப்பத்தி மூணு மூட்டை. எண்ணித்தான் இறக்கச் சொன்னேன்… உங்க கேட்டு வாசல்லதான். பின்ன எங்க இறக்குறது, எங்க வீட்டு வாசல்லயா? உங்க குப்பை, உங்க வாசல்…

என்ன சொன்னீங்க? மேடமா? இருங்க, இருங்க, காதுல தேன் ஊத்துன மாதிரி இருக்கு, இன்னொரு தடவை சொல்லுங்க… போன வருஷம் வரைக்கும் 'ஏய் குப்பை, லிஃப்ட்ல ஏறாத'ன்னுதானே சார் கூப்பிடுவீங்க? இப்ப மேற்பார்வையாளர் ஆனதும் மேடம் ஆயிட்டேனா?

சரி, சரி. விஷயத்துக்கு வாங்க… யார் அனுமதி குடுத்தாங்களா? அரசாங்கம் குடுத்துச்சு சார். போன மாசம் ஒண்ணாந் தேதியில இருந்து புது விதி. மக்குற குப்பை தனி, மக்காத குப்பை தனி, ஆபத்தான குப்பை தனி. பிரிக்காமக் குடுத்தா மூணு தடவை சிவப்புச் சீட்டு. நாலாவது தடவை, குடுத்தவங்க வாசலுக்கே வண்டி கொண்டாந்து இறக்கிடும். உங்க நோட்டீஸ் போர்டுலயே நீங்க கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கீங்க, படிச்சுப் பாக்கலையா?

சீட்டே வரலையா? பொய் சொல்லாதீங்க. மூணு நாளும் நானே வந்து ஒட்டினேன். மூணு நாளும் நீங்களே கிழிச்சீங்க. கிழிச்சதையாவது வெளிய போட்டீங்களா? அதே மூட்டையிலதான் போட்டீங்க. அப்படியே எடுத்து ஒட்ட வச்சு ஃபைல்ல சொருகி வச்சிருக்கேன்…

ஆங், தெரியும், தெரியும். பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரி அம்மா வர்றாங்க. 'முன்மாதிரிக் குடியிருப்பு'ன்னு பலகை குடுக்கப் போறாங்க. பந்தல் போட்டாச்சா?… நாற்காலியும் போட்டாச்சா! பாவமே. நாற்காலியில உக்காந்தா நேரா மூட்டைதான் தெரியும் போல… சிரிக்கிறேன்தான். மறைக்க மாட்டேன் சார், எட்டு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் வாய் விட்டுச் சிரிக்கிறேன்.

யார்கிட்ட சொல்வீங்க? கமிஷனர்கிட்டயா? சொல்லுங்க. நம்பர் இல்லேன்னா நான் தரட்டுமா?… சொல்லுங்க சார். விதிப்படி இறக்கினேன்னு நான் சொல்றேன். பூட்டி வச்ச கலர் தொட்டியப் பத்தி நீங்க சொல்லுங்க.

எந்தத் தொட்டியா? கீழ மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு ரூம் இருக்கே, அங்க இருக்கிற பச்சை, நீலம், சிவப்பு. ஸ்டிக்கர் கூடக் கிழிக்கல. அதிகாரி வர்ற அன்னைக்கு வெளிய வரும், போட்டோ எடுக்கும், திரும்ப உள்ள போகும். அழுக்காயிடும்னு குப்பைத் தொட்டியில குப்பை போடாத ஆளுங்கள நான் உங்க கட்டடத்துலதான் சார் பாத்திருக்கேன்… ஆய்வுக்கு வந்தப்பதான் பாத்தேன். வாட்ச்மேன் திறந்து காட்டினாரு, பெருமையா! அந்த ரூம்ல வேற என்னென்ன இருக்குன்னும் பாத்துக்கிட்டேன்…

ஏங்க, ரிவர்ஸ் அண்ணே! வண்டிய எடுக்காதீங்க, இருங்க, நான் சொன்னப்புறம் எடுத்தாப் போதும்… உங்ககிட்ட இல்ல சார், எங்க டிரைவர்கிட்ட. அவர் வண்டிய முன்னாடி ஓட்டினதை விடப் பின்னாடி ஓட்டினதுதான் அதிகம்…

ஓ, இப்பக் கெஞ்சலா? மிஞ்சினா கெஞ்சுவாங்கன்னு சும்மாவா சொன்னாங்க… ம்… ம்… என்னது? என் தங்கச்சிக்கா? உங்க வீட்ல பாத்திரம் தேய்க்கிற வேலை போட்டுத் தர்றீங்களா?

வாயை மூடுங்க சார்.

இல்ல, மூடுங்க. அவளைப் பத்திப் பேச உங்களுக்கு வாய் எப்படி வருது? அவ எந்தக் கையால சார் பாத்திரம் தேய்ப்பா? வலது கையில ரெண்டு விரல் மடங்காது. நரம்பு அறுந்து போச்சு. உங்க வாசல்ல, காலையில ஆறரை மணிக்கு, உங்க மூட்டையத் தூக்கும்போது. சோறு, குழம்பு, காகிதம், எல்லாம் ஒண்ணாக் கலந்த ஈர மூட்டை. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்.

அவ அன்னைக்கு உங்ககிட்ட கேட்டா சார். மூட்டை கனமா இருக்கு, கையுறை இருந்தாக் குடுங்கன்னு. பெரிய குடியிருப்புன்னா வர்ற தொழிலாளிக்குக் கையுறை வாங்கி வைக்கணும்னு அப்பவே விதி. நீங்க என்ன சொன்னீங்க?… மறந்துட்டீங்களா? 'ஸ்டாக் இல்ல, நாளைக்கு வா'ன்னீங்க. நாளைக்கு அவ ஆஸ்பத்திரியில கெடந்தா.

அதோட விட்டீங்களா? மாநகராட்சிக்கு லெட்டர் எழுதினீங்க. எனக்கு மனப்பாடம், கேளுங்க. 'எங்கள் குடியிருப்பில் குப்பை முறையாகத் தரம் பிரித்தே வழங்கப்படுகிறது. அதில் உடைந்த கண்ணாடி இருக்க வாய்ப்பே இல்லை. தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்.' சரியா இருக்கா? ஒரு எழுத்து விட்டிருந்தாச் சொல்லுங்க. அந்த ஒரு லெட்டரை வச்சுத்தான் அவளை வீட்ல உக்கார வச்சாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு விசாரணை முடியுது. லெட்டர் அப்படியே நின்னா அவளுக்கு வேலை இல்ல, அவ்வளவுதான்.

அவ பொண்ணுக்குத் தலை பின்ன முடியல சார் அவளால. எட்டு வயசு. போன வாரம் அந்தப் புள்ள தானே போய் முடிய ஒட்ட வெட்டிக்கிட்டு வந்து நிக்குது, 'இனிமே உனக்குக் கஷ்டம் இல்லம்மா'ன்னு… அழல, நான் அழல. எனக்கு அழுகை வர மாட்டேங்குது, ஆத்திரம்தான் வருது. எதுக்கு ராவும் பகலும் படிச்சுப் பரீட்சை எழுதினேன்? எதுக்கு வேற நல்ல தெருவெல்லாம் விட்டுட்டு உங்க தெருவக் கேட்டு வாங்கினேன்? இந்த ஒரு காலை நேரத்துக்காகத்தான்.

யார் வீட்டுக் குப்பையோ, எனக்கெப்படித் தெரியும்னு ஆரம்பிக்காதீங்க. பதினாலு வருஷமாக் குப்பை பாக்குறேன். மூட்டையப் பிரிச்சா வீட்டு நம்பர் சொல்லுவேன். மூணாவது மாடி, படிக்கட்டை ஒட்டின வீடு, உங்க வீடுதான். சர்க்கரை மாத்திரை அட்டை ஒரு பக்கம், கிரீம் பிஸ்கட் கவர் ஒரு பக்கம். கவரைப் பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல இன்னொரு பை. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாதுல்ல?… பயப்படாதீங்க, அதைச் சொல்ல மாட்டேன். அது எனக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டியது மீன் தொட்டி.

என்ன சார், வேர்த்துடுச்சா? உங்க வரவேற்பறையில ஒரு மீன் தொட்டி இருந்துச்சே, எங்க போச்சு?… வித்துட்டீங்களா! யாருக்கு, குப்பை மூட்டைக்கா? கண்ணாடியோட நீலக் கூழாங்கல்லும் விழுந்துச்சு சார். ரத்தத்தோட சேர்ந்து. தங்கச்சி ஒண்ணு எடுத்து வச்சிருக்கா. இப்பக்கூடப் பக்கத்துலதான் உக்காந்திருக்கா, மடியில வச்சு உருட்டிக்கிட்டு. போனை ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், நல்லாக் கேக்கட்டும்.

அது உங்க தொட்டிக் கண்ணாடிதான்னு ஒத்துக்க மாட்டீங்களா? மாட்டேன்னா விடுங்க. மணி பத்தே காலாச்சு. நாப்பத்தி மூணு மூட்டையும் நீங்களே பிரிச்சு வச்சிட்டா விதிப்படி நான் எடுத்துத்தான் ஆகணும். முழங்கை வரைக்கும் சட்டைய மடிச்சு விடுங்க, மூட்டைக்குள்ள கையை விடுங்க. எங்க ஆளுங்க மாதிரி, வெறுங்கையால…

ஏன்? ஏன் முடியாது?… என்ன பயம்? சோத்துக்குப் பயமா? காகிதத்துக்குப் பயமா?… இல்ல சார், எனக்குப் புரியல. 'வாய்ப்பே இல்லை'ன்னு நீங்கதானே எழுதினீங்க? கையை விடுங்க…

என்ன?

இன்னொரு தடவை சொல்லுங்க… மெதுவாச் சொல்லாதீங்க, மிஷினை நிறுத்தச் சொல்றேன். ஏய், மிஷினை நிறுத்துங்கப்பா! நிறுத்துங்க!… ம், இப்பச் சொல்லுங்க.

…

கேட்டியாடி? 'கண்ணாடி கிடக்கும், கையைக் கிழிச்சிடும்'ங்கறாரு. எட்டு மாசம் கழிச்சுச் சாருக்கு ஞாபகம் வந்துடுச்சு.

எழுதுங்க. இப்பவே. சங்கத்து லெட்டர் தாள்ல, உங்க கையெழுத்துல. நான் சொல்றதை எழுதுங்க… எழுதினா என்ன ஆகும்னு அப்புறம் பேசிக்கலாம், முதல்ல எழுதுங்க… 'எங்கள் குடியிருப்பில் குப்பை தரம் பிரிக்கப்படவில்லை.' ம்… 'விபத்துக்குக் காரணமான கண்ணாடி என் வீட்டு மீன் தொட்டியினுடையது.' என் வீட்டு… ஆமா, 'என்'. 'எங்கள்'னு போட்டு நாப்பது வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்காதீங்க… 'தொழிலாளி மீது தவறில்லை. அவர் கேட்ட கையுறையை நான் தரவில்லை.' அதையும் எழுதுங்க. கையெழுத்து, தேதி. போட்டோ எடுத்து அனுப்புங்க. எனக்கும், விசாரணை அதிகாரிக்கும்.

இருக்கேன், இருக்கேன். வைக்க மாட்டேன். பேனா எழுதலையா? இன்னொரு பேனா எடுங்க…

ம்… வந்துடுச்சு. இரு, இரு, பெருசு பண்றேன். இந்தா தங்கச்சி, படி… முழுசாப் படி… என்னடி, எதுக்கு என் கையைப் பிடிக்கிற? படி.

ஆமா சார், ரெண்டு பேருக்கும் வந்திருக்கு, பாத்துட்டேன்… வண்டியா? எந்த வண்டி?… நான் எப்ப வண்டி அனுப்புறேன்னு சொன்னேன்? எழுதுங்க, அப்புறம் பேசலாம்னுதான் சொன்னேன். இந்தா, பேசுறேன். பிரிக்காத குப்பைய எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல சார்… ஏமாத்துறேனா? உங்க கையெழுத்துலயே இருக்கே, 'தரம் பிரிக்கப்படவில்லை'ன்னு. எழுதிக் குடுத்த குப்பைய எப்படி எடுப்பேன்?… திட்டுங்க, திட்டுங்க. மேடம் போய் மறுபடியும் குப்பை வந்துடுச்சு பாருங்க. அதான் உங்க வாய்க்குப் பொருத்தம்.

என்னடி?… ம்ஹூம். முடியாது… அக்கா அக்கான்னு இழுக்காத, முடியாதுன்னா முடியாதுதான்.

வண்டிய அனுப்பிடலாமாம் சார், தங்கச்சி சொல்றா. அவ நல்லவ. நான் இல்ல. அரை மணி நேரம் இருக்கு, உக்காந்து பிரிங்க. அதிகாரி அம்மா சீக்கிரம் வந்தா உங்க பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். முன்மாதிரின்னா இப்படித்தான் இருக்கணும்.

இப்ப என்னடி?… அதெல்லாம் சொல்ல மாட்டேன்… ஏன் சொல்லணும்? உனக்கு யாரு சொன்னாங்க?… சரி, சரி, கண்ணைத் துடை. சொல்றேன்.

சார், இருக்கீங்களா? வெறுங்கையால தொடாதீங்களாம். கையுறை போட்டுக்கணுமாம். அவதான் சொல்லச் சொல்றா… எங்க போய்க் கையுறை வாங்குறதுன்னு கேக்குறீங்களா?

கீழ மோட்டார் ரூம் பக்கத்துல, அந்தப் பூட்டின ரூம்ல, பச்சைத் தொட்டிக்குள்ள. பன்னெண்டு ஜோடி. பாக்கெட் கூடப் பிரிக்கல. பில்லுல தேதி பாத்தேன், அவ கை கிழியறதுக்கு முந்தின மாசம் வாங்கினது.

'ஸ்டாக் இல்ல'ன்னீங்களே சார், அதுதான். எடுத்துப் போட்டுக்குங்க.

வைக்கிறேன்.