ஒழுகாத குழாய்

தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும் என்பது பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். என் தம்பிக்கும் தெரியும், ஐயா. தெரியாமல் அவன் எதையும் தப்பாகச் செய்ததில்லை. தப்பாகப் போனால் அண்ணன் வந்து சரிபண்ணுவான் என்ற தைரியம்தான்.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஏசி மாட்டுவோம். வயரிங் என் பொறுப்பு, தண்ணீர் வெளியே போகும் வழி அவன் பொறுப்பு. பதினெட்டு வருஷமாக அப்படித்தான். இந்த அச்சகத்தில் மாட்டியது பேக்கேஜ் ஏசி. பீரோ மாதிரித் தரையில் நிற்கும். மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்து, தனி பிரேக்கர் வைத்து, எர்த் ஒயர் கொடுத்து, என் வேலையை இரண்டு நாளில் முடித்தேன். ஒரு ஒயர்கூடக் கோணலாக ஓடாது. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அவன் பாட்டுப் பாடிக்கொண்டே அரை நாளில் குழாயை மாட்டினான். அந்தக் குழாய் வெளியே வரும் இடத்தில் அதை ஒரு தரம் கீழே இறக்கி மேலே ஏற்ற வேண்டும். அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் விசிறி குழாய் வழியாகக் காற்றை இழுக்கும். தண்ணீர் போக வழியில்லாமல் அடித்தட்டில் தேங்கி வழியும். அவன் வளைவே வைக்காமல் நேராக விட்டுவிட்டான்.

"அதெல்லாம் தானா ஓடும்ணே" என்றான்.

ஓடவில்லை. எட்டே நாளில் தரையில் தண்ணீர் பரவி, அடுக்கி வைத்திருந்த காகிதக் கட்டுகள் நனைந்தன. மேலாளர் என்னைத்தான் கூப்பிட்டார். போனேன், துடைத்தேன், கையைக் கட்டிக்கொண்டு நின்று பேச்சு வாங்கினேன். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் தம்பி, "நாளைக்கு வந்து வளைவு போட்டுடறேன்ணே" என்பான். அந்த நாளை வரவே வராது. நானே போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அரை மணி நேர வேலைதான். பதினெட்டு வருஷமாக நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன், ஐயா.

நாலாவது தடவை துடைத்து முடித்து எழுந்தபோது மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவை உங்க தம்பிய அனுப்புங்க. அவர் வந்தா இடமே கலகலன்னு இருக்கு. நீங்க வந்தா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து பார்க்காமல், "அவன் சின்னவன்டா. நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாள். சின்னவனுக்கு நாற்பத்தோரு வயது.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். வந்தது அசதி. படுத்து எழுந்தாலும் போகாத அசதி. இனி இவனுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டு போக என்னால் ஆகாது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அச்சகத்துக்கு விடுமுறை நாளில் தனியாகப் போனேன். காவலாளிக்கு என்னைத் தெரியும். எர்த் ஒயரைக் கழற்றினேன். உள்ளே கரண்ட் வரும் இன்னொரு ஒயரை என்ன செய்தேன் என்பதை உங்கள் ஆள் பார்த்து எழுதியிருக்கிறார், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவனைக் கையோடு கூட்டிப் போனேன். முன்பக்கப் பொத்தானை அமுக்கி மெஷினை நிறுத்தினான். ஈரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து கீழ்க்கதவைத் திறந்தான். நான் கூடத்தின் அந்தக் கோடியில், மெயின் போர்டுக்குப் பக்கத்தில் நின்றேன். கத்தக்கூட இல்லை. முன்பக்கமாகச் சாய்ந்தான், அவ்வளவுதான்.

நான் பிரேக்கரை இறக்கினேன். அச்சகத்து ஆட்கள் அவனை வெளியே இழுத்துக் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் கொண்டுவந்த வளைவை எடுத்து நான் குழாயில் பொருத்திவிட்டேன். அதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது என்றீர்கள். அப்போது எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. கிடந்த வேலை. இப்போது ஒரு சொட்டு ஒழுகுவதில்லை என்று மேலாளரே சொன்னாராம்.

முதல் நாள் உங்களிடம், மெயினை நிறுத்தாமல் கை வைக்காதே என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், அவன் யார் பேச்சையும் கேட்கமாட்டான் என்றேன். ஆயிரம் தடவை சொன்னது உண்மை. கேட்கமாட்டான் என்பதும் பதினெட்டு வருஷம் உண்மையாக இருந்தது. அதை நம்பித்தான் அன்றைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

ஆனால் கையை உள்ளே விடும் முன் அவன் நிறுத்தி, திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே, மெயினை ஆஃப் பண்ணிட்டியா? புள்ள பொறந்து இருபது நாள்தான் ஆகுது. இனிமே பாத்துத்தான் இருக்கணும்" என்றான்.

"பண்ணிட்டேன்டா. கை வை" என்றேன்.

எழுதிக்கொள்ளுங்கள். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று, ஐயா: அவன் கேட்டான் என்பது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பேச்சைக் கேட்காமல் போனான் என்று நினைத்துத்தான் அவள் கொஞ்சம் ஆறியிருக்கிறாள். அவளுக்காகத்தான் கேட்கிறேன்.