மதகுத் தகரம்

எனக்கு டீ வேண்டாம், ஐயா. மதியத்துக்கு மேல் குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் குடியுங்கள், நான் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

ஏரி மதகைத் திறந்து மூடுவது முப்பத்தோரு வருஷமாக என் வேலை. அப்போது எங்களுடையது நாற்பது வீட்டு ஊர். திறக்குமுன் மதகில் தொங்கும் தகரத்தில் மூன்று முறை அடிப்பேன். கால்வாயில் துணி துவைப்பவர்கள், மாடு குளிப்பாட்டுபவர்கள் எல்லாரும் கரையேறிவிடுவார்கள். நூறு எண்ணிவிட்டுத் திறப்பேன். ஒரு கோழிக்குஞ்சைக்கூட வெள்ளத்துக்குக் கொடுத்ததில்லை.

பிறகு நகரம் வந்தது. வயல்கள் மனைகளாயின. ஊர்ப்பெயர் போய் வார்டு எண் வந்தது. பழைய ஆட்கள் விற்றுவிட்டுப் போனார்கள். வறண்டு கிடந்த கால்வாயில் கட்டட வேலைக்காரர்கள் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். திறக்கத் தண்ணீர் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை தகரத்தை அடித்துப் பார்ப்பேன். பழக்கம் விட்டுப்போகக் கூடாதே.

ஒருமுறை ஒரு கொத்தனார் மேலே ஏறி வந்து, "எதுக்குப் பெரியவரே இதை அடிக்கிறீங்க?" என்று கேட்டார். "உனக்கு எதுக்குப்பா அதெல்லாம்? போய் வேலையப் பாரு" என்றேன். ஊரையே வாரிச் சுருட்டியவர்களுக்கு இதையும் விளக்க வேண்டுமா என்று எரிச்சல். ஊரை வாங்கியது அவரில்லை, அது எனக்கும் தெரியும்.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற அந்த நாளில், மழையில் ஏரி நிரம்பிக் கரை கசிந்தது. அலுவலகத்துக்குப் பத்து முறை போன் போட்டேன், எடுக்க ஆளில்லை. கரை உடைந்தால் ஆயிரம் வீடு போகும். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். மூன்று முறை அடித்தேன். நூறு எண்ணினேன். கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி கழுவத் தொடங்கினாள். இன்னொரு நூறு எண்ணினேன். திறந்தேன். செத்தது பதினாலு பேர் என்கிறீர்கள். இருக்கும்.

இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம்தான், ஐந்து நிமிஷ நடை. ஆனால் முறை அடிக்கத்தான் சொல்கிறது, நடக்கச் சொல்லவில்லை. நான் முறைப்படி எச்சரித்தேன். காதில் வாங்காதது அவர்கள்.

என் மகளா? ஆமாம், கால்வாயில் கடைசி வீடு அவளுடையதுதான். தகரத்தைத் தொடுமுன் அவளுக்குப் போன் போட்டு, "பிள்ளைகளைக் கூட்டிட்டு உடனே மேல வாம்மா, தண்ணி திறக்கப் போறேன்" என்றேன்.

"பக்கத்துல இருக்கவங்களுக்கு நான் சொல்லிட்டு வரட்டுமாப்பா?" என்று கேட்டாள்.

நான் சொல்லிவிட்டேன், நீ வா என்றேன்.