குஞ்சுக் கொட்டகைச் சூடு

மார்கழிக் காலையில் ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பேருந்தில், கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

"எங்கூட்டுக்காரரு இப்பல்லாம் ஊட்டுல படுக்கறதே இல்லீங்க்கா."

மூத்தவள் பதறிப்போனாள். "என்ன சாமி சொல்ற? அப்புறம் எங்க படுக்கறாரு?"

"கோழிக்குஞ்சுகூட."

பக்கத்து இருக்கைக்காரர் காதை மூடியிருந்த மப்ளரை அவிழ்த்தார்.

"பண்ணைக்குப் புதுக்குஞ்சு வந்திருக்குதுங்க. குளிருக்குச் செத்துருமுன்னு கொட்டகையைச் சுத்திப் படுதா கட்டி, உள்ள பல்பு போட்டு வெச்சிருக்கறோம். பக்கத்துல ஆளு இருக்கோணும்னு கட்டலத் தூக்கிக்கிட்டு அங்க போயிட்டாரு. நான் ஊட்டுல ரெண்டு போர்வை போத்தியும் நடுங்கறேன்."

"பொறுப்பான மனுசன்தானே?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நேத்து ராத்திரி, பாவம்னு சுக்குக்காப்பி கொண்டுக்கிட்டுப் போனா, சட்டையக் கழட்டிப்போட்டு வேர்க்க வேர்க்கத் தூங்கறாருங்க!"

"சண்டை போட்டியா?"

"போடத்தான் போனேன். அந்தச் சூட்டுக்கு என்ற மூட்டுவலி போன எடம் தெரியல. அவர எழுப்பி ஊட்டுக்குத் தொரத்திப்போட்டு நான் படுத்துக்கிட்டேன். இனிமே குஞ்ச நானே பாத்துக்கறேன்னுட்டேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"ஆளு மாறுனா குஞ்சு மெரளும்ங்கறாரு. ஒண்ணும் மெரளலீங்க்கா. காப்பியும் நானே குடிச்சுட்டேன்."

மூத்தவள் சிரித்து அடங்கச் சற்று நேரமானது. "செரி, இப்ப எங்க கெளம்பிட்ட?"

"அவருக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கத்தானுங்க. காலைல இருந்து ஊடு குளிருது, ஊடு குளிருதுன்னு ஒரே பொலம்பல்."